மணமும் கடுப்பும்: பீர் வகை மதிப்பீட்டு முறையும் சங்க இலக்கியக் கள் சொற்களும் – கல்வராயன் மலையடிவாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கூலங்களை நொதிக்கவைத்து ஆக்கப்படும் பீரை, மணம், தோற்றம், சுவை, வாயுணர்வு, மொத்தப் பதிவு என்னும் ஐந்து கூறுகளால் மதிப்பிடும் முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. இம்முறையை விளக்கி, அதன் கூறுகளுக்கு இணையாகச் சங்க இலக்கியத்தின் கள் தொடர்பான சொற்கள் எவ்வளவு தொலைவு நிற்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மூலப்பொருள், ஆக்கமுறை, முதிர்ச்சி, மணம் எனப் பல அளவுகோல்களைக் கொண்டிருந்த மொழியில் இன்று குடிபொருளுக்குப் போதை என்னும் ஒற்றை அளவுகோலே எஞ்சியிருப்பதையும், அதன் விளைவையும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கள், தேறல், தோப்பி, பீர், சுவை மதிப்பீடு, கல்வராயன் மலை, கச்சிராயபாளையம், மெத்தனால்.

முன்னுரை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையில், கல்வராயன் மலை ஏறத் தொடங்குவதற்கு முன் அமைந்த ஊர் கச்சிராயபாளையம். அருகில் கோமுகி அணை உள்ளது. ஊரை ஒட்டிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்குகிறது. சமவெளியில் கரும்பும் நெல்லும், மலைமேல் சாமை, தினை, கேழ்வரகு ஆகியனவும் விளைகின்றன. நொதித்த குடிபொருள் ஆக்குவதற்குரிய இருபெரும் மூலங்களான இனிப்புச் சாறும் கூலமும் சந்திக்கும் இடம் இது. ஆயினும் இவ்வட்டாரத்தின் பெயர் குடிபொருளோடு சேர்த்து நாடெங்கும் பேசப்பட்டது சுவையின் பொருட்டன்று. 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்நிகழ்வைப் பற்றிச் சட்டம், காவல், வறுமை, சாதி, மருத்துவம் ஆகிய கோணங்களில் பலவும் எழுதப்பட்டுள்ளன. மொழியின் கோணத்திலிருந்து கேட்கத்தக்க வினா ஒன்றும் உண்டு. ஒரு குடிபொருளை எச்சொற்களால் மதிப்பிடுகிறோம்? அச்சொற்கள் எதனை அளக்கின்றன, எதனை அளக்காமல் விடுகின்றன? இவ்வினாவுக்கு விடை காணப் பீர் மதிப்பீட்டு முறை நல்லதோர் ஒப்பீட்டுக் கருவியாகிறது. குடிப்பழக்கத்தைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மதிப்பீட்டு மொழியின் அமைப்பை விளக்குவதே நோக்கம்.

1. பீர் மதிப்பீட்டு முறை

பெருநிறுவனங்களின் ஒருபடித்தான உற்பத்திக்கு மாற்றாகச் சிறு அளவில், பல வகைகளில் ஆக்கப்படும் பீர், கைவினைப் பீர் எனப்படுகிறது. இந்தியாவில் இப்போக்கு 2009-இல் புனேயில் தொடங்கப்பட்ட டூலலி, 2010-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட டாய்ட் போன்ற சிற்றாலைகளால் வேரூன்றியது. வகைகள் பெருகியபோது அவற்றை ஒப்பிட்டு மதிப்பிடும் தேவையும் எழுந்தது. பிரித்தானிய எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் 1977-இல் வெளியிட்ட உலகப் பீர் வழிகாட்டி நூல், பீரை நாடு, ஆக்கமுறை, மரபு ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்தும் பார்வையைப் பரப்பியது. 1985-இல் அமெரிக்காவில் தோன்றிய பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் அவ்வகைகளுக்கு எழுத்துவடிவ இலக்கணம் வகுத்தது.

இத்திட்டத்தின் மதிப்பெண் தாள் 50 மதிப்பெண்களைக் கொண்டது. மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்தப் பதிவுக்கு 10 எனப் பகுக்கப்பட்டுள்ளது. நடுவர் முதலில் முகர்கிறார். விரைவில் ஆவியாகும் மணப்பொருள்கள் ஊற்றிய சில நொடிகளிலேயே குறையத் தொடங்குவதால் மணமே முதலிடம் பெறுகிறது. பின்னர் நிறம், தெளிவு, நுரையின் நிலைப்பு ஆகியவற்றைக் காண்கிறார். அடுத்துப் பருகி, முளைகூலத்தின் இனிப்பு, ஹாப் பூவின் கைப்பு, ஈஸ்ட் தரும் கனிச்சுவை ஆகியவற்றின் சமநிலையை ஆராய்கிறார். நாவில் உணரும் கனம், கரியமிலவாயுவின் குறுகுறுப்பு, ஆல்ககாலின் வெம்மை, துவர்ப்பு ஆகியன வாயுணர்வில் அடங்கும்.

இப்பகுப்பில் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆல்ககாலின் அளவுக்கெனத் தனி மதிப்பெண் இல்லை. அது வாயுணர்வின் ஒரு சிறுகூறாக, வெம்மை என்னும் பெயரில் மட்டுமே கணக்கில் வருகிறது. வெம்மை அந்த வகைக்குரிய அளவை மீறினால் மதிப்பெண் குறையும். போதை எவ்வளவு என்னும் வினா இத்தாளில் எழுவதே இல்லை.

2. வகை மாறினால் குணமும் குற்றமாகும்

இம்முறையின் அடித்தளம் வகை என்னும் கருத்தாகும். ஒரு பண்பு தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று. எந்த வகையில் தோன்றுகிறது என்பதைப் பொறுத்தே அது குணமாகவோ குற்றமாகவோ ஆகிறது. செருமனியின் கோதுமைப் பீரான ஹெஃபெவைசனில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் இன்றியமையாதவை. அவ்வகைக்குரிய ஈஸ்ட் அவற்றை இயல்பாகவே உண்டாக்குகிறது. 1842-இல் போகிமியாவின் பில்சன் நகரில் தோன்றிய பில்ஸ்னர் வகையில் அதே வாழைப்பழ மணம் குற்றமாகக் கொள்ளப்படும். பெல்சியத்தின் லாம்பிக் வகையில் கூர்மையான புளிப்பு சிறப்பு. கருநிற ஸ்டவுட்டில் அத்தகைய புளிப்பு கெட்டதன் அடையாளம். கோதுமைப் பீரில் கலங்கல் அழகு. பில்ஸ்னரில் தெளிவே அழகு.

குற்றங்களும் அவற்றின் காரணங்களோடு சேர்த்தே பெயரிடப்படுகின்றன. வெண்ணெய் மணம் டையசிட்டைல் என்னும் சேர்மத்தால் வருவது. நொதித்தல் முழுமையடையுமுன் நிறுத்தப்பட்டதை அது பெரும்பாலும் உணர்த்தும். பச்சை ஆப்பிள் மணம் அசிட்டால்டிகைடால் வருவது. பீர் இன்னும் முதிரவில்லை என்பதன் அறிகுறி. வேகவைத்த மக்காச்சோள மணம் டைமீதைல் சல்பைடைச் சுட்டும். நனைந்த அட்டை மணம், ஆக்சிசன் பட்டுப் பழசானதைக் காட்டும். வெயில் பட்ட புட்டியில் எழும் முடைநாற்றம், ஹாப்பின் கைப்புப் பொருள்கள் ஒளியால் சிதைந்ததன் விளைவு. ஆகவே பயிற்சி பெற்ற நடுவரின் சொல் சுவையை மட்டும் குறிப்பதில்லை. அச்சுவை பிறந்த இடத்தையும் பிழை நேர்ந்த கட்டத்தையும் சுட்டுகிறது. நாவிலிருந்து ஆக்கமுறையை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் வழியே இம்மதிப்பீடு எனலாம்.

3. பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆக்கமுறை

கூலத்தால் ஆக்கப்படும் மது தமிழுக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக்கள் ஆக்கும் முறை கட்டம் கட்டமாகச் சொல்லப்படுகிறது. வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதியில் வரும் அச்செய்தியின் சுருக்கம் வருமாறு: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகின்றனர். அதனை அகன்ற வாயுடைய பிழாவில் பரப்பி ஆறவிடுகின்றனர். புற்றின் குரும்பியை ஒத்த புறத்தோற்றமுடைய நல்லடையை அதில் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுகின்றனர். வலிய வாயையுடைய சாடியில் வழைச்சு நீங்க விளையவைக்கின்றனர். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கின்றனர்.

இவ்விவரிப்பு இன்றைய பீர் ஆக்கத்தின் வரிசையோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துச்செல்கிறது. மாச்சத்தை வேகவைத்தல், ஆற்றுதல், சர்க்கரையாக மாற்றும் பொருளைச் சேர்த்தல், நொதிக்கவைத்தல், முதிரவைத்தல், வடித்தல் என்னும் ஆறு கட்டங்களும் இங்கு உள்ளன. சூட்டோடு நல்லடையைக் கலந்தால் அதிலுள்ள உயிரிகள் மடியும். எனவேதான் ஆற்றும் கட்டமும் அதற்கென அகன்ற கலமும் தனியே குறிக்கப்பட்டுள்ளன.

நல்லடை யாது என்பது ஆய்வுக்குரியது. உரைமரபு இதனை நெல்முளையோடு தொடர்புபடுத்திப் பொருள் கொள்கிறது. அவ்வாறாயின் இது முளைகூலத்தால் ஆக்கப்பட்ட மது. பார்லி முளையால் ஆக்கப்படும் பீரின் நேரடி உறவு. ஆனால் உவமையை ஊன்றி நோக்கின் வேறொரு வாய்ப்பும் புலனாகிறது. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான்கள் பூஞ்சையை வளர்க்கும் நுண்துளைத் திரள். அதனை ஒத்த, பூத்த புறத்தையுடைய அடை என்பது பூஞ்சை படர்ந்த நொதிக்கட்டியையும் நினைவூட்டுகிறது. மணிப்பூரின் ஹமேய், சிக்கிமின் மார்ச்சா, சார்க்கண்டின் ராணு ஆகியன இன்றும் அரிசிக்கள் ஆக்கப் பயன்படும் இத்தகைய கட்டிகளாகும். முளையாயினும் கட்டியாயினும் இரண்டின் பணியும் ஒன்றே: அரிசியின் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைத்தல். ஆனால் சுவை வேறுபடும். முளை, வறுத்த கூலத்தின் மணத்தையும் மாவினிப்பையும் தரும். பூஞ்சைக்கட்டி, கனிமணத்தையும் மென்புளிப்பையும் தரும். இச்சொல்லின் பொருளைத் துணிவது சொற்பொருள் ஆய்வோடு நில்லாமல், பழந்தமிழர் பருகிய அரிசிக்கள் எவ்வகையைச் சார்ந்தது என்பதைத் துணிவதுமாகும்.

இப்பகுதியில் மதிப்பீட்டுச் சொல்லாகவே நிற்பது ‘வழைச்சு’ என்பதாகும். இளமை, பச்சைத்தன்மை என்பன இதன் பொருள். வழைச்சு நீங்குதல் முதிர்ச்சியின் எல்லையாகக் கூறப்படுகிறது. பச்சை ஆப்பிள் மணத்தைக் கொண்டு பீரின் முதிராமையை நடுவர் குறிப்பதற்கு நிகரான கருத்தாக்கம் இது. குற்றத்தையும் அது நீங்கும் கட்டத்தையும் ஒரே சொல்லால் இணைத்துக் காட்டும் நுட்பம் இச்சொல்லில் அமைந்துள்ளது.

4. மலைக்கள்ளும் மலைபடுகடாமும்

கூலக்கள் சமவெளிக்குரியதாகப் பெரும்பாணாற்றுப்படையில் வர, மலைநிலத்துக் குடிபொருள்களை மலைபடுகடாம் காட்டுகிறது. இரணிய முட்டத்துப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூலின் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊரான செங்கண்மா இன்றைய செங்கம். கல்வராயன் மலைக்கு வடக்கிலும் சவ்வாது மலைக்குத் தெற்கிலும் அமைந்தது. ஆற்றுப்படுத்தப்படும் கூத்தர் காணும் மலைநிலமும் கச்சிராயபாளையத்திலிருந்து ஏறிக் காணும் மலைநிலமும் அண்டை நிலங்களே. ஆதலின் இவ்வட்டாரத்துக் குடிபொருள் வரலாற்றுக்கு இந்நூல் தொலைவான சான்றன்று.

மலையூர்களில் கூத்தர்க்கு இருவகை மது கிடைப்பதாக இந்நூல் கூறுகிறது. ஒன்று, மூங்கில் குழாயில் பெய்து விளைவிக்கப்பட்ட தேன்கள்ளின் தெளிவு, மற்றொன்று நறவு. நறவை நெல்லால் ஆக்கிய கள் என உரைமரபு விளக்குகிறது. ஒரே விருந்தில் தேனால் ஆனதும் கூலத்தால் ஆனதும் வேறுவேறு பெயரோடு வருவது, மூலப்பொருள் வழியே வகைபிரிக்கும் வழக்கு இருந்தமைக்குச் சான்றாகும்.

அகநானூற்றின் 348-ஆம் பாடலில் குறவர் ஆக்கும் தோப்பி இன்னும் விரிவாகக் காட்டப்படுகிறது. கோடையில் கனிந்த மாம்பழம், பலாச்சுளை, தேன் ஆகியவற்றைக் கலந்து, நீண்ட மூங்கிலில் இட்டு முதிரவைக்கின்றனர். அதன் கடுமை பாம்பின் சினத்தோடு ஒப்பிடப்படுகிறது. முதலில் மலைக்கடவுளுக்குப் படைத்துப் பின்னரே பருகுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் இல்லத்தில் ஆக்கிய கள்ளாக வரும் தோப்பி, இங்குக் கனியால் ஆனதாக வருகிறது. எனவே தோப்பி என்பதை நெற்கள் என மட்டும் வரையறுப்பது முழுமையாகாது. வீட்டளவில், சிறு கலத்தில் ஆக்கப்பட்டது என்னும் ஆக்கமுறைப் பொருளே இரண்டு இடங்களுக்கும் பொதுவாகப் பொருந்துகிறது. இக்காலத்துக் கைவினைப் பீர் என்னும் தொடரும் மூலப்பொருளைச் சுட்டாமல் ஆக்கும் அளவையே சுட்டுகிறது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

5. சொற்களின் நான்கு அளவுகோல்கள்

சங்க இலக்கியத்தில் வழங்கும் கள் தொடர்பான சொற்களை அவை அளக்கும் பண்பின் அடிப்படையில் நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, ஆக்கமுறை. பிழிந்து எடுத்தது பிழி, அரித்து வடித்தது அரியல், தெளியவைத்தது தேறல். மூன்றும் வினையடியாகப் பிறந்த பெயர்கள். கலங்கலும் தெளிவும் வேறுபட்ட வகைகளாக மதிக்கப்பட்டதை இவை காட்டுகின்றன. பீர் மதிப்பீட்டில் தோற்றம் என்னும் கூறு அளப்பதும் இதனையே.

இரண்டாவது, மணம். நறவு என்னும் பெயரே நறுமை என்னும் பண்போடு உறவுடையது. யவனர் கலத்தில் கொணர்ந்த தேறலைப் பாடும் புறநானூற்று 56-ஆம் பாடலில் நக்கீரர் அதன் தண்மையையும் மணத்தையுமே அடைமொழியாக்குகிறார். தொலைவிலிருந்து வந்த அரும்பொருளின் மதிப்பு அதன் வலிமையால் சுட்டப்படவில்லை.

மூன்றாவது, முதிர்ச்சியும் கலமும். நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டின் தேறலைப் பறம்பு நாட்டின் வளமாகக் கபிலர் புறநானூற்றின் 120-ஆம் பாடலில் கூறுகிறார். மூங்கில், சாடி, நிலம் எனக் கலமும் இடமும் மாறுவதற்கேற்பச் சுவை மாறும் என்னும் அறிவு இச்செய்திகளின் பின்னே உள்ளது. புதைத்தலால் வெப்பநிலை சீராக நிற்கும். ஐரோப்பிய லாகர் வகை, குளிர்ந்த நிலவறையில் நெடுநாள் வைத்து முதிரவைக்கும் வழக்கிலிருந்து பிறந்தது. லாகர் என்னும் செருமானியச் சொல்லுக்குப் பொருளே சேமித்துவைத்தல் என்பதாகும்.

நான்காவது, கடுப்பு. நாட்பட்ட தேறலின் கடுமையைத் தேள் கொட்டுவதோடு ஒப்பிடுகிறது ஔவையார் பாடிய புறநானூற்று 392-ஆம் பாடல். முன்னர்க் கண்ட பாம்பின் சினமும் இவ்வகையே. வலிமையைப் புகழும் போக்கு சங்க இலக்கியத்தில் இல்லை எனக் கூறுவது பிழையாகும். ஆனால் அங்குக் கடுப்பு தனித்து நிற்பதில்லை. நாட்படுதல், மூங்கிலில் விளைதல், கனி கலத்தல் என்னும் காரணங்களோடு இணைந்தே நிற்கிறது. கடுப்பு நாவில் உணரும் உணர்வாக, ஏனைய மூன்றோடு ஒன்றாக அமைகிறது.

இச்சொற்களை மதிப்பெண் தாளுக்கு நிகராகக் கொள்வதில் ஓர் எல்லை உண்டு. இவை பெரும்பாலும் கொடைச் சூழலில் வருபவை. புரவலன் கொடுத்த மதுவைப் புலவர் பழித்துரைக்க இடமில்லை. எனவே குணச்சொற்கள் மிகுதியாகவும் குற்றச்சொற்கள் அரிதாகவும் உள்ளன. வழைச்சு போன்ற சொற்கள் விதிவிலக்காக நின்று சிறப்புப் பெறுவது இதனாலேயே. பிற்கால அறநூல்களில் நிலை மாறுகிறது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் கள்ளைச் சுவையாலோ வகையாலோ பிரிக்காமல் அறிவை மயக்கும் விளைவு ஒன்றாலேயே அளக்கிறது. அறத்தின் நோக்கில் அது பொருத்தமே. ஆயினும் குடிபொருளை விளைவால் மட்டும் அளக்கும் பார்வை தமிழில் வலுப்பெற்றதற்கு அதுவும் ஒரு படியாகும்.

6. அறுசுவையும் வழக்குச் சொற்களும்

பீர் மதிப்பீட்டைத் தமிழில் நிகழ்த்தச் சொல் உண்டா என்னும் வினாவுக்குச் சங்கச் சொற்களோடு இன்றைய சமையல் வழக்கும் விடை தருகிறது. அறுசுவைப் பகுப்பில் துவர்ப்பும் கார்ப்பும் இடம்பெற்றுள்ளன. இக்காலப் புலனறிவியல் இவ்விரண்டையும் நாவின் சுவையாகக் கொள்ளாமல் வாயுணர்வாகக் கொள்கிறது. ஆகவே சுவை, வாயுணர்வு என்னும் இரண்டு கூறுகளும் அறுசுவைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பீருக்கு உயிரான கைப்பும் தமிழ் நாவுக்கு அயலன்று. பாகற்காய், சுண்டைக்காய், வேப்பம்பூ ஆகியவற்றின் கைப்பை விரும்பி உண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு.

குற்றச் சொற்களுக்குக் கூழும் மோரும் எண்ணெயும் துணைபுரிகின்றன. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழில் புளிப்பு அளவோடு இருத்தல் வேண்டும். மிகின் அது பழுது. வகைக்கேற்ற புளிப்பு என்னும் கருத்து வீட்டுச் சமையலறையிலேயே உள்ளது. பழைய எண்ணெயின் சிக்கு, ஈரம்பட்ட கூலத்தின் மக்கல், கெட்ட சோற்றின் ஊசல், தொண்டையைப் பற்றும் காறல், மூக்கில் ஏறும் நெடி, மாவின் பச்சை வாசனை என ஒவ்வொரு பழுதுக்கும் தனிச்சொல் வழங்குகிறது. நனைந்த அட்டை மணத்தை மக்கல் என்றும், முதிராமையை வழைச்சு அல்லது பச்சை வாசனை என்றும், ஆல்ககாலின் மிகைவெம்மையைக் காறல் என்றும், ஒளியால் கெட்டதை முடை என்றும் வழங்கலாம். புதிய கலைச்சொல்லாக்கத்தைக் காட்டிலும் இவ்வழக்குச் சொற்கள் பயனுடையவை. அவற்றின் பொருள் கேட்போர் நாவிலேயே உள்ளது.

கள்ளிறக்குவோர் வழக்கிலும் இத்தகைய நுட்பம் இருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிவது பதநீர். தடவாததில் வடிவது கள். இறக்கிய நேரத்திற்கேற்ப இனிப்பும் புளிப்பும் மாறும். தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடைசெய்யப்பட்டிருத்தலின் இவ்வழக்கு பொதுப்பேச்சிலிருந்து மெல்ல மறைந்துவருகிறது.

7. எஞ்சிய ஒற்றை அளவுகோல்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937 அக்டோபர் 1 அன்று இராசாசி அமைச்சரவையால் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அம்மாவட்டத்தைச் சார்ந்தது. அதன்பின் விலக்கும் தளர்வும் மாறிமாறி வந்து, 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் உள்ளது. இவ்வரலாற்றினூடே மலையில் சாராயம் காய்ச்சும் கள்ளத்தொழிலும் நிலைத்தது. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் நீரில் ஊறவைத்து நொதிக்கச்செய்து, அவ்வூறலைக் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்து எடுப்பது அதன் முறை.

கள்ளுக்கும் சாராயத்துக்கும் இடையே சுவையின் நோக்கில் அடிப்படை வேறுபாடு உண்டு. நொதித்த நிலையிலேயே பருகப்படும் பீரிலும் கள்ளிலும் மூலப்பொருளின் மணம், நிறம், கனம், புளிப்பு ஆகியன எஞ்சிநிற்கும். காய்ச்சி வடிக்கும்போது இவற்றுள் பெரும்பகுதி அடிக்கலத்திலேயே தங்கிவிடும். பிரான்சின் கோனியாக் போன்ற வடிமதுக்களில் மரப்பீப்பாயில் நெடுநாள் முதிரவைத்துச் சுவை மீட்கப்படுகிறது. கள்ளச்சாராயத்திற்கு அந்தக் காலநீட்சி கிடைப்பதில்லை. ஒளித்துக் காய்ச்சி விரைவில் விற்கப்படுகிறது. எனவே அதில் அளக்க எஞ்சுவது எரிச்சலும் போதையுமே. விற்பனைக்கு நீர் கலக்கும்போது அவையும் குறைய, குறைந்ததை ஈடுசெய்ய வேறொன்று தேவைப்படுகிறது.

சட்டப்படி விற்கப்படும் மதுவின் மொழியும் பெரிதும் வேறன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள், 5 விழுக்காட்டுக்கு மேல் 8 விழுக்காடு வரை ஆல்ககால் கொண்ட பீரை வலிய பீர் எனப் பிரிக்கின்றன. பாதுகாப்பின் பொருட்டு இப்பகுப்பு தேவையானதே. ஆனால் வாங்குவோர் வழக்கிலும் அந்த எண்ணே வகையின் பெயராகிவிட்டது. எதனால் ஆனது, எவ்வாறு முதிர்ந்தது என்னும் வினாக்கள் பேச்சில் இடம்பெறுவதில்லை. ‘சரக்கு’ என்னும் இக்காலச் சொல் இந்நிலையைத் துல்லியமாகக் காட்டுகிறது. பிழி, அரியல், தேறல் என ஆக்கமுறையைச் சொன்ன மொழியில், எப்பொருளுக்கும் பொருந்தும் வணிகச்சொல் ஒன்று அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளது.

8. நாவின் எல்லை

2023 மே மாதத்தில் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால். வெல்ல ஊறலில் மெத்தனால் பெருமளவில் தோன்றுவதில்லை. கனிகளின் பெக்டினிலிருந்தே அது சிறிதளவு உண்டாகும். எனவே கொல்லும் அளவு என்பது வெளியிலிருந்து கலக்கப்பட்டதாகும்.

இங்கு ஒரு தெளிவு இன்றியமையாதது. மெத்தனாலைச் சுவையால் கண்டறிய முடியாது. அதன் நெடியும் எரிச்சலும் எத்தனாலை ஒத்தவை, நிறமும் இல்லை. ஐம்பது மதிப்பெண் தாளில் தேர்ந்த நடுவராலும் அதனை நம்பத்தக்க வகையில் பிரித்தறிய இயலாது. உடலினுள் அது முதலில் ஃபார்மால்டிகைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இம்மாற்றத்திற்கு நேரமாவதால் கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றுகின்றன. பார்வை நரம்பு முதலில் தாக்கப்படுகிறது. குடித்தவுடன் தீங்கு தெரியாமையால் மேலும் பலர் குடிக்க நேர்கிறது. ஃபோமிபிசோல் அல்லது மருத்துவக் கண்காணிப்பில் எத்தனால் கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுப்பதும், இரத்தச் சுத்திகரிப்புமே மருத்துவம். நேரம் கடந்தால் அவையும் பயன்படா.

ஆகவே சுவையறிவு இருந்திருந்தால் கருணாபுரத்து மக்கள் பிழைத்திருப்பர் எனக் கூறுவது உண்மைக்கும் அறத்திற்கும் புறம்பானது. அவர்கள் குடித்தது மலிவாகக் கிடைத்ததால். உடலுழைப்பின் அயர்வும் கையிலிருந்த சிறுதொகையும் தேர்வுக்கு இடம்தரவில்லை. பொறுப்பு கலந்தோரையும் விற்றோரையும் தடுக்கத் தவறியோரையும் சார்ந்தது. நிகழ்வுக்குப் பின் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வு அமைப்புக்கு மாற்றியது.

மொழியாய்வு இதில் கூறக்கூடியது வேறொன்று. ஒரு பொருளுக்கு எரிச்சலும் போதையும் மட்டுமே அளவுகோலாகும்போது, அவ்விரண்டிலும் ஒத்துத்தோன்றும் எப்பொருளும் அதன் இடத்தைப் பிடிக்க முடியும். அரிசியால் ஆனதா, எத்தனை நாள் விளைந்தது, யார் வடித்தது என்னும் வினாக்கள் உயிருடன் உள்ள சந்தையில் தொழிற்சாலை வேதிப்பொருளை நுழைப்பது அரிது. வேதிப்பொருளுக்கு மூலமும் இல்லை, விளைவும் இல்லை. நா கண்டறிய இயலாததை, மூலத்தையும் ஆக்கமுறையையும் கேட்கும் வினாவே கண்டறிய வாய்ப்புண்டு. பீர் மதிப்பீட்டின் உட்பொருளாக நாம் கண்டதும், சங்கச் சொற்கள் தம் வேரிலேயே கொண்டிருந்ததும் இவ்வினாவே.

முடிவுரை

பீர் மதிப்பீட்டு முறை, பண்பை வகையோடும் குற்றத்தைக் காரணத்தோடும் இணைத்துப் பேசுகிறது. ஆல்ககாலின் வலிமையை அது பல கூறுகளுள் ஒன்றாக ஒடுக்கிவைக்கிறது. பிழி, அரியல், தேறல், நறவு, தோப்பி, வழைச்சு முதலான சங்கச் சொற்களும் ஆக்கமுறை, மணம், முதிர்ச்சி, கடுப்பு என நான்கு அளவுகோல்களைக் கொண்டிருந்தன. பெரும்பாணாற்றுப்படையின் நல்லடை முளையா, பூஞ்சைக்கட்டியா என்பதைத் தாவரவியல், நுண்ணுயிரியல் அறிஞர்களோடு இணைந்து ஆராய்வது பயன்தரும். கூழ், மோர், பதநீர் சார்ந்த பழுதுச் சொற்களைக் கல்வராயன் மலையூர்களிலும் அடிவாரத்திலும் திரட்டுவது உடனடித் தேவை. அவற்றை அறிந்த முதியோர் காலத்திலேயே இப்பணி நிகழ வேண்டும். சாராயப் பொட்டலத்தால் மட்டுமே வெளியுலகம் அறிந்த இவ்வட்டாரத்துக்கு, சாமையையும் தினையையும் கேழ்வரகையும் சுவைபிரித்துப் பேசிய வேறொரு நாவும் உண்டு என்பதை அத்தொகுப்பு நிலைநாட்டும்.